33 கே.வி. இன்சுலேட்டரில இரைச்சல்: கொரோனா ரிங் போட்டால் நிக்குமா?

உப்புவெளிப் பெடியன்:
கடற்கரையில இருந்து 300 மீட்டர் தள்ளி, ஐஸ் தொழிற்சாலை ஒண்டின்ர 33 கே.வி. யார்ட். எல்லாம் பீங்கான்: கம்பியைத் தாங்கி நிக்கிற பின் (pin) இன்சுலேட்டரும், லைன் முடியிற இடத்தில ஒவ்வொரு பேஸ் (phase) கம்பிக்கும் கோர்த்த மூண்டு டிஸ்க்கும் (தட்டு இன்சுலேட்டர்). மாசி பிறந்ததில இருந்து விடியப்புறம் 4 மணிக்கு 'சீர்ர்' எண்டு இரையத் தொடங்குது. லைட்டை அணைச்சால் டிஸ்க்கின்ர அடிப்பக்கம் மஞ்சள் நெருப்பு ஊருறது தெரியுது. வெயில் ஏற நிண்டிடும். நடு பேஸ் மட்டும் மத்தியானமும் 'கிர்ர்' எண்டுது, எப்.எம். ரேடியோவும் கரகரக்குது. கொரோனா ரிங் (இன்சுலேட்டர் முனையில மாட்டுற உலோக வளையம்) போடச் சொல்லினம். எந்த அளவு எடுக்கிறது?

மூதூர் லைன்மேன்:
தம்பி, காசைக் கையில வைச்சிருங்கோ. 33 கே.வி.க்கு ரிங் போடுறேல்லை. பேஸுக்கும் ஏர்த்துக்கும் இடையில 19 கே.வி.தான். கொரோனா எண்டது கம்பியைச் சுத்தியிருக்கிற காற்று உடைஞ்சு மின்சாரம் கசியிறது. காற்று அப்பிடி உடையிறதுக்கு ஒரு சென்ரிமீட்டருக்கு உச்சத்தில 30 கே.வி. அளவு வேணும். கம்பி நுனி நீட்டிக்கொண்டு நிண்டால் ஒழிய உங்கட சாமான்களில அது வராது.

உங்களுக்கு இருக்கிறது ரெண்டு வேற வேற வருத்தம். விடியப்புறத்துச் சத்தம் உப்பு. மழை விட்ட பிறகும் வாடை கடல் உப்பைக் கொண்டுவந்து அப்பும், கழுவ ஆளில்லை. மாசிப் பனியில அது ஈரமாகிக் கரண்டைக் கசிய விடும். கசிவு கூடின இடம் சூடாகி ஒரு பட்டையாய்க் காயும். முழு வோல்டேஜும் அந்தக் காய்ஞ்ச பட்டைக்குக் குறுக்கால விழ, நெருப்புப் பாயும். நீங்கள் கண்ட மஞ்சள் அதுதான். கொரோனா மங்கலான ஊதா, ஊர்ந்து திரியாது.

மத்தியானச் சத்தம் லூஸ் சாமான். கொரோனா ஏ.எம்.மைத்தான் கெடுக்கும், எப்.எம். வரைக்கும் ஏறாது. எப்.எம். கரகரத்தால் எங்கேயோ ரெண்டு இரும்புக்கு இடையில மெல்லிய இடைவெளி இருக்கு. பின் இன்சுலேட்டரின்ர கட்டுக்கம்பி, டிஸ்க்கின்ர பந்து சொக்கெற், டி.டி.எல்.ஓ. (கழண்டு தொங்கிற பியூஸ்) வாய், இந்த மூண்டையும் முதல்ல பாருங்கோ. சொக்கெற்றில கொட்டர் பின் (பந்து கழராமல் பிடிக்கிற ஊசி) இருக்கோ எண்டதையும் சேர்த்துப் பாருங்கோ, அது கழண்டால் லைனே கீழ வரும்.

அளவுகோல்:
அண்ணன் சொன்னதோட ஒரு கணக்கு. சாதாரண டிஸ்க்கில கசிவுப் பாதை (பீங்கான் மேற்பரப்பு வழியாய் ஒரு இரும்பில இருந்து மற்ற இரும்புக்குள்ள தூரம்) 292 மி.மீ. மூண்டுக்கு 876. லைனில வரக்கூடிய ஆகக்கூடின வோல்டேஜ் 36 கே.வி. எண்டு எடுத்தால் கே.வி.க்கு 24.3 மி.மீ. மாசுள்ள இடத்து இன்சுலேட்டருக்கான பழைய சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60815 கணக்கில கடும் மாசுக்கு 25, மிகக் கடுமைக்கு 31 வேணும். நாலாவது டிஸ்க் போட்டால் 1168, அதாவது 32.4. கடலுக்கு இவ்வளவு கிட்ட மூண்டு காணாது. நிலாவெளி உப்பளப் பக்கமெண்டால் நாலுக்குக் குறைய யோசிக்கவே கூடாது.

உப்புவெளிப் பெடியன்:
அப்ப ரிங் எங்கதான் போடுறது? டிஸ்க் வரும்வரைக்கும் கிறீஸ் பூசினால் தாங்குமா?

அளவுகோல்:
ரிங் 220 கே.வி.யும் அதுக்கு மேலயும், முக்கியமாய் சிலிக்கன் ரப்பர் இன்சுலேட்டருக்கு. கரண்ட் பக்க முனையில இரும்பும் ரப்பரும் காற்றும் சேருற இடத்தில மின்புலம் குவியும். ரப்பர் மேல மி.மீ.க்கு 0.42 கே.வி. தாண்டினால் ஈரத்துளிகளில கொரோனா கிளம்பும். அதில வாற ஓசோனும் நைத்திரிக் அமிலமும் ரப்பரைத் திண்டு உள்ளே இருக்கிற கண்ணாடி நார்த் தண்டு வரைக்கும் போகும். வளையம் முனையைத் தாண்டி ரப்பர்ப் பக்கம் நிக்கவேணும். தலைகீழாய் மாட்டினால் இரும்புக்குப் பின்னால சும்மா தொங்கும். வேற கொம்பனி ரிங்கைக் கொண்டுவந்து பொருத்தவும் வேண்டாம்.

மூதூர் லைன்மேன்:
கிறீஸ் தாங்கும், ஆனால் சிலிக்கன் கிறீஸ் மட்டும். மின் வழங்குநரிட்ட சொல்லி லைனை நிப்பாட்டி, பெர்மிட் (வேலை செய்யிற அனுமதி) எடுத்து, டெஸ்டரால பார்த்து, ரெண்டு பக்கமும் ஏர்த் போட்ட பிறகுதான் ஏறுங்கோ. நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடையுங்கோ. கம்பி பிரஷ் வேண்டாம், பீங்கானின்ர வழுவழுப்பான மேற்பூச்சு (கிளேஸ்) போயிடும். கிணத்துத் தண்ணி உப்பெண்டால் அதாலயும் துடைக்காதேங்கோ. பனி காய்ஞ்சு 9 மணிக்குப் பிறகு 1 தொடக்கம் 3 மி.மீ. கனத்துக்குப் பூசுங்கோ, டிஸ்க்கின்ர அடி வரிகளுக்குள்ளயும். வருசம் ஒருக்கா முழுசாய் வழிச்சுப்போட்டுப் புதுசு பூசவேணும். பழசுக்கு மேல பூசினால் உப்பு ஏறின கிறீஸுக்குக் கீழ நெருப்பு ஓடி பீங்கானையே அரிச்சுப்போடும்.

கிளேஸ் கருகியோ கீறுப்பட்டோ இருக்கிற டிஸ்க்குக்குக் கிறீஸ் பூசி மினக்கெடாதேங்கோ. கழட்டிப் போடுங்கோ.