தைப்பே கோயில்களில் சீட்டு எடுப்பது: லுங்ஷானில் கண்ட ஒரு காட்சி

தைவான் தலைநகர் தைப்பேயின் லுங்ஷான் கோயில், மாலை நேரக் கூட்டம். இங்கே தெய்வத்திடம் கேள்வி கேட்டு, எண் குச்சி ஒன்றை எடுத்து, அந்த எண்ணுக்குரிய பதில் சீட்டைப் பெறுவார்கள். ஒரு பயணி குச்சிக் கூட்டிலிருந்து எண் குச்சியை உருவிவிட்டுப் பிறைக்கட்டைகளை, அதாவது ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் வளைவுமான இரண்டு பிறை வடிவக் கட்டைகளை, தரையில் போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்து ஆடின. அதைப் பார்க்காமலே சீட்டு இழுப்பறைக்குக் கை நீட்டினார். பக்கத்தில் நின்ற பாட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து, குச்சியை வாங்கி, திரும்பக் கூட்டிலேயே போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒன்று தட்டை, ஒன்று வளைவு மேலாக விழுந்தால்தான் தெய்வத்தின் சம்மதம். இரண்டும் தட்டையானால் ‘சிரிப்பு’, கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள். இரண்டும் வளைவானால் மறுப்பு. முதலில் பெயர், பிறந்த தேதி, முகவரி, பிறகு கேள்வி. சீட்டுத் தரச் சம்மதமா என்று ஒரு முறை கட்டை போட வேண்டும். அப்புறம் குச்சி. ‘இந்தக் குச்சிதானா’ என்று மறுபடி கேட்டு, தொடர்ந்து மூன்று சம்மதம் வர வேண்டும். நடுவில் தவறினால் குச்சியைத் திரும்பப் போட்டு வேறு எடுக்க வேண்டும். பெரும்பாலும் பிசகுவது கேள்வியில்தான்: வேலை மாறலாமா, வீடும் வாங்கலாமா என்று இரண்டைச் சேர்த்துக் கேட்கிறார்கள்.

* * *

மேலே எழுதியவர் மூன்று சம்மதத்தை எல்லா இடத்துக்கும் விதியாக்கிவிடக் கூடாது. ஒன்றே போதும் என்கிற கோயில்களும் உண்டு. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தாலும் தொடர்ந்து மூன்று விழுவது எட்டில் ஒன்றுதான். லுங்ஷானில் ஒரே ஆள் அத்தனை நேரம் முழங்காலிட்டிருப்பது அதனால்தான். அவசரப்படுத்தாதீர்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். லுங்ஷானின் நடுவில் பெரிய மண்டபத்தில் கருணையின் போதிசத்துவர் குவான்யின், பௌத்தம். பின் மண்டபத்தில் கடல் தெய்வம் மாட்சு, போர் தெய்வம் குவான் யூ, கல்வி தெய்வம் வென்சாங் என்று சீனாவின் தாவோயிச மரபுத் தெய்வங்கள். வென்சாங் மேசையில் ஒரு தேர்வு நுழைவுச்சீட்டின் நகல், அதன்மேல் ஈரம் சொட்டும் வெங்காயத்தாள் கட்டு. மறக்கவே முடியாது! வெங்காயத்தாளின் பெயர் அவர்கள் மொழியில் ‘புத்திசாலி’ என்பதோடு ஒலி ஒக்கும், செலரி ‘உழைப்பு’ என்பதோடு.

* * *

ஊதுபத்தியைப் பற்றி மேலே எழுதிய யாரும் சொல்லவில்லையே. லுங்ஷான் வாசலில் ஒருவர் வெளியே வாங்கிய பத்திக்கட்டோடு நின்றார். தொண்டர் ஒருவர் இரு கைகளையும் குவித்துக் காட்டினார், அவ்வளவுதான். லுங்ஷானில் 2020 முதல் பத்தி கிடையாது, தைப்பேயின் இன்னொரு கோயிலான சிங்தியனில் 2014லேயே நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் குறிப்பை நம்பிப் போகிறவர்கள்தான் இப்படி நிற்கிறார்கள். லுங்ஷானில் பூ, பழம் போதும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், லுங்ஷானோடு திரும்பிவிடாதீர்கள். மெட்ரோ ரயிலின் சிவப்புத் தடத்தில் யுவான்ஷான் நிலையத்தில் இறங்கி நடந்தால் பாவோஆன் கோயில். லுங்ஷானைக் கட்டியவர்கள் சீனாவின் ச்சுவான்சோ பகுதியின் மூன்று வட்டங்களிலிருந்து குடியேறியவர்கள், பாவோஆன் டோங்ஆன் வட்டத்திலிருந்து வந்தவர்களுடையது. 1853இல் இந்த இரு தரப்பும் மோதிக்கொண்டதையும் தெரிந்துகொண்டு பார்த்தால் இரண்டு கோயில்களும் வேறு மாதிரித் தெரியும். பாவோஆனின் மூலவர் பாவோஷெங் தாதி மருத்துவ தெய்வம், உடல்நலக் கேள்விக்கு இங்கே வரலாம். 1917 திருப்பணியில் பெரிய மண்டபத்தின் இடப்பக்கத்தை ஒரு தச்சர் குழுவும் வலப்பக்கத்தை இன்னொரு குழுவும் போட்டியாகச் செய்தன. இறவாரத் தாங்கு கட்டைகளை இருபுறமும் மாறி மாறிப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இராது. அந்த மண்டபத்தின் வெளிச்சுவர் ஓவியங்கள் ஓவியர் பான் லிஷுய் 1973இல் தீட்டியவை. 1995இல் தொடங்கிய புதுப்பிப்புக்கு 2003இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

எந்தக் கோயிலானாலும் நமக்கு வலப்பக்கமுள்ள டிராகன் வாசலில் நுழைந்து, இடப்பக்கப் புலி வாசலில் வெளியேற வேண்டும். நடுவாசல் தெய்வத்துக்கு. வாசற்படியைத் தாண்டுங்கள், மிதிக்காதீர்கள்.