துலும் போக மாயா ரயிலா, வேனா?

பயணப்பித்து:
மார்ச்சில் மெக்சிகோவின் யூக்காட்டான் தீபகற்பத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். கன்கூனில் இறங்கி, துலும் பக்கம் செனோட்டேக்களில் (கூரை இடிந்து திறந்துகொண்ட சுண்ணாம்புக் குகைக் குளங்கள்) நீந்த ஆசை. அந்தத் தீபகற்பத்தில் அரசு புதிதாக விட்டிருக்கும் மாயா ரயிலில் போகலாமா?

ஆழ்நீர்:
வேண்டாங்க. கன்கூன்-துலும் தடத்துக்காகக் காட்டை வெட்டியது போதாதென்று, குகைக் கூரையைத் துளைத்து இரும்புத் தூண்களை இறக்கியிருக்கிறார்கள். தெளிந்த தண்ணீருக்குள் அந்தத் தூண்கள் துருவேறி நிற்பதை அங்குள்ள குகை ஆய்வாளர்கள் வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அடியில் இருப்பது சாதாரணக் குகையா? சாக் ஆக்துன், டோஸ் ஓஹோஸ் என்ற நீரடிக் குகைகள் இரண்டும் ஒரே குகைதான் என்று 2018இல் தெரிந்தது. மொத்தம் 347 கி.மீ.!

சுக்குக்காப்பி:
எல்லாம் சரி, ரயில் வரும்வரை அங்கே தண்ணீர் சுத்தமாகவா இருந்தது? வட யூக்காட்டானில் பேருக்குக்கூட ஆறு கிடையாது. மழையானாலும் கழிவானாலும் கல் இடுக்கு வழியே நேரே நிலத்தடிக்குத்தான். கடலோர ஓட்டலில் ரூம் போட்டுக்கொண்டு ரயிலைத் திட்டுவது என்ன நியாயம்? கன்கூனே 1970களில் அரசு திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அதற்கு மட்டும் கூட்டம் கூட்டமாகப் போகிறோம்.

ஆழ்நீர்:
ஓட்டல் கழிவு பெரிய கேடுதான், யார் இல்லை என்றது? அதைச் சுத்திகரிக்கலாம் அண்ணே. துளைத்த கூரையை எதை வைத்து அடைப்பீர்கள்? 2007இல் ஹோயோ நெக்ரோ என்ற நீரடிக் குழியில் ஒரு பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 13,000 ஆண்டுப் பழசு. கடல்மட்டம் தாழ்ந்து குகைகள் வறண்டிருந்த காலத்தில் உள்ளே நடந்து போனவள். அந்த மாதிரி இன்னும் என்னென்ன கிடக்கிறதோ!

சுக்குக்காப்பி:
சுற்றுலா வேனும் விமானமும் மட்டும் புண்ணியமா? வாலாடோலிட், காம்பெச்சே பக்கம் இருப்பவர்களுக்கு 2023 டிசம்பரில்தான் மாயா ரயில் வந்தது. அவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

ஆழ்நீர்:
அந்தத் தடத்தைப் பற்றி நான் பேசவே இல்லையே.

மணல்மேடு:
கேட்டவரை விட்டுவிட்டீர்களே! கன்கூனிலிருந்து பிளாயா டெல் கார்மென், அங்கிருந்து துலும் போகும் கொலெக்டிவோ, அதாவது ஷேர் வேன். டிரைவரிடம் டோஸ் ஓஹோஸ் செனோட்டே என்றால் நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிடுவார். வாசலிலிருந்து குளம்வரை வெயிலில் நல்ல நடை, குழந்தைகளுக்குத் தண்ணீர் வேண்டும். சன்ஸ்கிரீன் பூசாதீர்கள், குளித்துவிட்டுத்தான் இறங்கச் சொல்வார்கள்.