எடிட்டருக்குள் நான்கைந்து டெர்மினல்: எது மறைந்திருக்கிறது, எது நின்றுவிட்டது?

விசைப்பலகையாலேயே இயக்கும் நியோவிம் என்ற எடிட்டருக்குப் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். விண்டோ (திரையில் தெரியும் பகுதி) வேறு, பஃபர் (எடிட்டர் நினைவில் வைத்திருக்கும் உள்ளடக்கம்) வேறு, உள்ளே ஓடும் புரோசெஸ் (இயங்கும் நிரல்) வேறு. பிரித்த விண்டோ ஒன்றில் கோலன் டெர்மினல் (கோலன் குறியோடு டெர்மினல் என்ற கட்டளை) கொடுத்து, ஐ அழுத்தி உள்ளே போய், ஒரு டெவ் சர்வரை (உருவாக்கும் நிரலைச் சோதிக்கும் சர்வர்) கிளப்புகிறீர்கள். பிறகு கண்ட்ரோல்-பேக்ஸ்லாஷ், கண்ட்ரோல்-என் அழுத்தி நார்மல் மோடுக்கு (தட்டச்சு செய்யாமல் கட்டளை கொடுக்கும் நிலை) வந்து கோலன் க்யூ அடித்தால் மூடுவது விண்டோ மட்டுமே. பஃபர் மறைவில் இருக்கும், சர்வரும் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டெர்மினலில் அதே சர்வரைக் கிளப்பினால், அந்த போர்ட் (சர்வர் இணைப்பு ஏற்கும் எண்) ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வரும்.

உடனே பிஐடி (புரோசெஸின் எண்) தேடிப்பிடித்து, அதை நிறுத்தும் கில் கட்டளை கொடுக்க வேண்டியதில்லை. கோலன் எல்எஸ், ஓர் இடைவெளி, பெரிய எழுத்து ஆர். ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினல் பஃபர்கள் மட்டும் பட்டியலாக வரும். கோலன் பி-யோடு (பஃபர் என்பதன் முதல் எழுத்து) அந்த எண்ணைக் கொடுத்து உள்ளே போய், ஐ அழுத்திவிட்டு கண்ட்ரோல்-சி அடித்து முறையாக நிறுத்துங்கள். கோலன் பிடி (பஃபர் டிலீட்) ஆச்சரியக்குறி போட்டால் பஃபரும் போகும், புரோசெஸும் போகும். டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் வேலை) பாதியில் இருக்கும்போது அதைச் செய்துவிடாதீர்கள்.

பெயர் வைப்பது முக்கியம். தானாக வரும் பஃபர் பெயரில் ஃபோல்டர், பிஐடி, கட்டளைகளை ஏற்கும் நிரலான ஷெல்லின் பாதை மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும். நான்கு டெர்மினல் திறந்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். திறந்த கையோடு கோலன் ஃபைல் என்று போட்டு ஏபிஐ, டெஸ்ட், லாக் என்று பெயர் மாற்றிவிட்டால் பிறகு தேட வேண்டியிருக்காது.

* * *

மேலே சொன்னது நியோவிமுக்கு. நியோவிமுக்கு மூலமான விம் எடிட்டரின், 2018-ல் வந்த 8.1 பதிப்பில் உள்ள டெர்மினல் வேறு மாதிரி நடந்துகொள்ளும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விமில் கோலன் டெர்மினல் தானாகவே விண்டோவைப் பிரித்து, நேராகத் தட்டச்சு நிலையிலேயே நிறுத்தும். வெளியே வர கண்ட்ரோல்-டபிள்யூ, பிறகு பெரிய எழுத்து என். திரும்ப உள்ளே போக ஐ. கண்ட்ரோல்-டபிள்யூ எடிட்டருக்குப் போய்விடுவதால் ஷெல்லில் ஒரு சொல்லை அழிக்க அதைப் பயன்படுத்த முடியாது. கண்ட்ரோல்-டபிள்யூ அழுத்தி ஒரு புள்ளி வைத்தால் ஷெல்லுக்கு அது போய்ச் சேரும்.

கட்டளையோடு சேர்த்துத் திறக்கும்போது பிளஸ் பிளஸ் குளோஸ் (கட்டளை முடிந்ததும் விண்டோவை மூடும் விருப்பம்) போடுவது பலருக்குப் பழக்கம். மேக் (நிரலைக் கம்பைல் செய்யும் கருவி) ஓட்டுவதற்கு அது கூடவே கூடாது. கம்பைல் தவறியதும் விண்டோ மூடிவிடும், பிழைச் செய்தியும் அதோடு போய்விடும்.

* * *

எஸ்கேப் விசையை டெர்மினல் மோடிலிருந்து (டெர்மினலுக்குள் தட்டச்சு செய்யும் நிலை) வெளியேற மேப் செய்யச் (அந்த வேலைக்கு ஒதுக்கச்) சொல்லும் அறிவுரையைப் பல இடங்களில் பார்க்கலாம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷெல்லை விஐ மோடில் (விம் போன்ற விசைகளால் திருத்தும் நிலை) வைத்திருப்பவருக்கு எஸ்கேப் ஷெல்லுக்குப் போய்ச் சேராது. எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவியின் பட்டியலை எஸ்கேப்பால் மூடவும் முடியாது. எஸ்கேப்பை இரண்டு முறை அடுத்தடுத்து அழுத்தினால் வெளியேறும்படி வைப்பது பரவாயில்லை. லீடர் விசையாக (சொந்தக் குறுக்குவழிகளைத் தொடங்கும் விசை) ஸ்பேஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினல் மோடில் லீடர் மேப்பிங் எதுவும் வைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பேஸும் அடுத்த விசைக்காகக் காத்திருந்து தாமதமாக விழும்.

லாக் (நிரல் எழுதும் பதிவு வரிகள்) ஓடவில்லை, உறைந்துவிட்டது என்று தோன்றினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். நார்மல் மோடில் கர்சர் நடுவில் நின்றால் நியோவிம் புது வரிகளைத் தொடர்ந்து காட்டாது. பெரிய எழுத்து ஜி அடித்துக் கடைசி வரிக்குப் போனால் மறுபடி தொடரும். இல்லையென்றால் சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் ஷெல்லுக்குள் விழுந்திருக்கும். அது வெளியீட்டை நிறுத்தும் பழைய சைகை. கண்ட்ரோல்-க்யூ அடித்தால் விடுபடும். நிரந்தரத் தீர்வு, ஷெல் துவக்கக் கோப்பில் எஸ்டிடிஒய் ஹைஃபன் ஐஎக்ஸ்ஆன் என்ற ஒரு வரி.

* * *

விஎஸ் கோடு எடிட்டர் பயன்படுத்துபவர்களுக்கு. கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பேக்டிக் புது டெர்மினல். லினக்ஸிலும் விண்டோஸிலும் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-5 அதையே இரண்டாகப் பிரிக்கும், பிரித்த பகுதிகளுக்கு இடையே ஆல்ட்டோடு இட வல அம்புக்குறி. பேஷ் ஷெல்லில் முந்தைய கட்டளையை எடுக்க கண்ட்ரோல்-பி (பிரீவியஸ் என்பதன் முதல் எழுத்து) அடித்தால் கோப்பு தேடும் பெட்டி திறக்கும், ஏனென்றால் அந்த விசையை எடிட்டரே எடுத்துக்கொள்கிறது. கமாண்ட்ஸ் டு ஸ்கிப் ஷெல் என்ற அமைப்பில் க்விக் ஓப்பன் கட்டளையின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுச் சேர்த்தால் ஷெல்லுக்குப் போகும். கண்ட்ரோல்-கே வேலை செய்யாததற்குக் காரணம் வேறு. அது இரட்டை விசைக் குறுக்குவழியின் தொடக்கம். அலவ் கார்ட்ஸ் அமைப்பை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது மீட்பு. விண்டோவை ரீலோட் செய்தால் பழைய புரோசெஸோடு மறுபடி இணைந்துகொள்ளும். ஆனால் எடிட்டரை முழுதாக மூடித் திறந்தால் திரும்பி வருவது பழைய திரை எழுத்துகள் மட்டும், கீழே இருப்பது புது ஷெல். மேலே சர்வர் ஓடும் செய்தி தெரிவதைப் பார்த்து ஓடுகிறது என்று நம்பிவிடுவார்கள். வரலாறு மீட்கப்பட்டதாக ஒரு வரி நடுவில் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். ஸ்க்ரோல்பேக் (மேலே உருட்டிப் பார்க்கக் கிடைக்கும் பழைய வரிகள்) இயல்பாக 1000 வரிதான். நீண்ட டெஸ்ட் ஓட்டினால் முதல் பிழை மேலே போய்க் காணாமல் போகும். 10000 வையுங்கள்.

* * *

ஈமேக்ஸ் எடிட்டரில் எந்த டெர்மினல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எம்-எக்ஸ் (ஆல்ட்டோடு எக்ஸ்) அழுத்தி ஷெல் என்று கொடுத்துத் திறப்பதில் வெளியீட்டைத் தேடலாம், திருத்தலாம், வெட்டி ஒட்டலாம். ஆனால் எச்டாப் (ஓடும் புரோசெஸ்களைக் காட்டும் நிரல்) போன்ற முழுத்திரை நிரல்கள் அதில் சிதறிவிடும். அவற்றுக்கு வீடெர்ம் என்ற டெர்மினல் பேக்கேஜ். அதை நிறுவும்போது சீமேக் (கம்பைலுக்கு உதவும் கருவி) இல்லாவிட்டால் மாட்யூல் கம்பைல் ஆகாது. இரண்டாவது வீடெர்ம் வேண்டுமென்றால் கண்ட்ரோல்-யூ முன்னால் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே இருப்பதற்கே கொண்டுபோய் விடும். வெளியீட்டிலிருந்து எடுக்க கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-டி (டெர்மினல் என்பதன் முதல் எழுத்து) அழுத்தினால் காப்பி மோட்.

* * *

எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள மெஷினுக்கான இணைப்பு) வழியாக வேறு மெஷினில் வேலை செய்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. இணைப்பு அறுந்தால் அங்கே ஓடும் எடிட்டருக்கு ஹேங்கப் சிக்னல் போகும், அதன் டெர்மினல்களும் சேர்ந்து முடியும். இணைப்பு அறுந்தாலும் டெர்மினல்களை ஓடவைக்கும் டீமக்ஸ் என்ற நிரலை வெளியே வைத்து, எடிட்டரை அதற்குள் திறப்பதே சரி. டீமக்ஸ் நியூ, ஹைஃபன் பெரிய ஏ, ஹைஃபன் எஸ், பிறகு ஒரு பெயர். அந்தப் பெயரில் செஷன் இருந்தால் சேர்ந்துகொள்ளும், இல்லாவிட்டால் உருவாக்கும். மறுபடி இணைந்ததும் இதே வரியைக் கொடுத்தால் போதும்.

பழைய டீமக்ஸில் எஸ்கேப் டைம் (எஸ்கேப்புக்குப் பின் காத்திருக்கும் நேரம்) இயல்பாக 500 மில்லிசெகண்ட். விமில் எஸ்கேப் அடித்தால் அரை நொடி கழித்துத்தான் மோட் மாறும். பலர் எடிட்டர் மெதுவாக இருக்கிறது என்று பிளக்இன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். டீமக்ஸ் கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் அதை 10 ஆக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் டீமக்ஸுக்கும் சோர்ஸ் ஃபைல் கட்டளையால் அதைச் சொல்ல வேண்டும். கோப்பை மட்டும் மாற்றினால் பழைய மதிப்பே தொடரும்.