கொரிய எமலோகப் படம் பார்த்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ‘அலாங் வித் தி காட்ஸ்: தி லாஸ்ட் 49 டேஸ்’ பார்த்தேன். 2018-ல் வந்த இரண்டாம் பாகம். முதல் பாகத்தை அப்பா பார்க்கவில்லை. அதனால் பாதிப் படம் நான் கதை சொல்வதிலேயே போய்விட்டது, அது வேறு கதை.

ஆயிரம் வருடத்தில் 49 உயிர்களுக்கு மறுபிறவி வாங்கிக் கொடுத்தால் இறந்தவரை எமலோகத்துக்கு அழைத்துப்போய் விசாரணையில் அவருக்காக வாதாடும் மூன்று தூதர்களும் மறுபடி பிறக்கலாம். அதுவரை தெளிவாகப் புரிந்தது. லீ ஜுங் ஜே வேடத்தின் பெயர் ‘யோம்ரா’ என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, “நம்ம எமராஜாதானே?” என்றார். ஆமாம், பௌத்தம் வழியாகக் கொரியாவுக்குப் போன யமன்தான் என்றேன். அதோடு என் சரக்கு தீர்ந்தது.

இனி என் சந்தேகங்கள். கொரியப் பௌத்த மரபில் இறந்தவருக்கு ஏழேழு நாளாக 49 நாள் சடங்கு செய்வார்கள், ஆனால் அவரை விசாரிக்கும் பாதாள அரசர்கள் மொத்தம் பத்துப் பேர். படத்தில் ஏழு விசாரணைதான். மீதி மூவர் 100-ஆம் நாள், முதல் வருடம், மூன்றாம் வருடம் விசாரிப்பவர்கள் என்று படித்தேன். ஏழிலேயே தப்பித்துவிட்டவருக்கு அவர்களிடம் என்ன வேலை?

அப்புறம் மா டோங் சோக் நடித்த சோங்ஜு. வீட்டைக் காக்கும் தெய்வம் சரி, அவர் எப்படித் தூதர்களையே எதிர்த்து நிற்கிறார்? கொரிய வீட்டுத் தெய்வங்கள் பற்றி எளிமையான கட்டுரையோ காணொளியோ தெரிந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் அப்பாவிடமே கொடுத்துவிடுவேன்.

முடிவை மட்டும் யாரும் கருத்தில் உடைத்துவிடாதீர்கள். கடைசி அரை மணி நேரம் மின்வெட்டில் போய்விட்டது!