பத்து நிமிடத்தில் சரியாகிவிட்ட வாய்க்கோணல்: காத்திருக்கலாமா?

கேள்வி:
நேற்றுக் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் தந்தையின் வலக்கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒருபுறம் கோணி, பேச்சும் குழறியது. பத்து நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டதால், வெறும் களைப்புதான் என்று சொல்லி மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். வயது 67, சர்க்கரை நோயும் உண்டு. இரண்டு நாள் பார்க்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து காத்திருக்காதீர்கள். நீங்கள் விவரிப்பது மினி ஸ்ட்ரோக் எனப்படும் தற்காலிக மூளை இரத்தக்குறைவாக இருக்கக்கூடும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயைச் சற்று நேரம் அடைத்த சிறு இரத்தக்கட்டி தானாகவே கரைந்துவிடுவதால் அறிகுறிகள் மறைகின்றன. ஆனால் அந்தக் கட்டியை உண்டாக்கிய காரணம், கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்போ சீரற்ற இதயத் துடிப்போ, அப்படியேதான் இருக்கிறது. முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதில் ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு இப்போதே அழைத்துச் செல்லுங்கள்.

பதில் 2:
மூளையில் இரத்தக்கசிவு இல்லையென்று ஸ்கேனில் உறுதியாகும் முன், நீங்களாக ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். வழியில் மீண்டும் கை தளர்ந்தால், தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்; கட்டியைக் கரைக்கும் ஊசியை ஏறத்தாழ நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

கேட்டவர்:
அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்.