புல் வெட்டும் மிஷின் அடித்தகடு விரிசல், அவசரம்!

மண்டபத்துக்காரன்:
அண்ணன்மாரே, மிஷின் அடியில் விரிசல். எம்-சீல் வைத்தேன், பத்து நிமிடம் நிற்கவில்லை. ஞாயிறு முகூர்த்தம். என்ன செய்ய?

ஒத்தக்கடை:
பெட்ரோலா, கரண்டா? விரிசல் எந்த இடத்தில்? படம் போடுங்கள்.

பட்டறை திருமங்கலம்:
காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, எந்தப் பட்டறையிலும் முடியும். ஒட்டாவிட்டால் அலுமினியம். டிக் வெல்டிங் ஆளைத் தேட வேண்டும், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் விசாரியுங்கள்.

மண்டபத்துக்காரன்:
பெட்ரோல். காந்தம் ஒட்டுகிறது. இஞ்சின் போல்ட்டிலிருந்து விரல் நீளம் ஓடியிருக்கிறது. பின்சக்கர ஓட்டையும் தேய்ந்து முட்டை மாதிரி ஆகிவிட்டது.

மூத்த ஃபிட்டர்:
எம்-சீலா! தண்ணித் தொட்டி ஒழுகலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் ஏன் மிஷினைத் தொடுகிறீர்கள்? பிளேடு பேலன்ஸ் போயிருக்கிறது, அது உதறித்தான் தகடு கிழிந்தது. இஞ்சின் ஸ்பார்க் பிளக் வயரை உருவிவிட்டு பிளேடைக் கழற்றி, நடு ஓட்டையை ஆணியில் மாட்டுங்கள். தாழ்கிற பக்கத்தை அரைக்க வேண்டும். முப்பது வருஷமாகச் சொல்கிறேன்.

பட்டறை திருமங்கலம்:
துருவும்தான் அண்ணே. ஈரப்புல் அடியில் அப்பியே கிடந்தால் தகடு அப்பளம். தம்பி, இஞ்சினையும் டேங்கையும் இறக்கிவிட்டு, விரிசல் முனையில் 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங்கைத் தாண்டி ஓடும். அப்புறம் அடியில் ஒட்டுத்தகடு. பிளேடு அதில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். சக்கர ஓட்டைக்குக் கனமான வாஷரைப் பற்றவைத்தால் போதும்.

மூத்த ஃபிட்டர்:
ராடு வைத்துப் பற்றவைக்கிற ஆர்க் வைத்தால் அந்த மெல்லிசுத் தகடு ஓட்டையாகும். மெல்லிய கம்பி தானாக வருகிற மிக் வெல்டிங்தான்.

பட்டறை திருமங்கலம்:
கரண்டைக் குறைத்து, 2.5 மி.மீ. ராடில் விட்டு விட்டு வைத்தால் ஓட்டையாகாது. தினமும் வைக்கிறேன்.

மேலூர் சம்சாரி:
மதுரை வெயிலுக்கு லான் எதற்கு? நாலு ஆட்டை விடுங்கள், வெல்டிங்கே வேண்டாம்.

ஒத்தக்கடை:
ஆடு புல்லோடு நிறுத்துமா? செம்பருத்தி, வாசல் வாழைமரம் எல்லாம் காலி. மாப்பிள்ளை வீட்டார் காலில் புழுக்கை வேறு.

மேலூர் சம்சாரி:
வயலுக்கு உரமாகக் கிடை போட மட்டும் ஆட்டைக் கூப்பிடுவீர்கள்!

ஒத்தக்கடை:
நான் எப்போது கூப்பிட்டேன்?

மண்டபத்துக்காரன்:
பிளேடு ஆணியில் பொத்தென்று ஒரு பக்கம் விழுந்தது. அரைத்தாச்சு. வெல்டிங்கும் ஆச்சு, இஞ்சினை இறக்க நேரமில்லை, டேங்கை மட்டும் கழற்றிவிட்டு மிஷினைச் சாய்த்தே வைத்தார்கள். இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை.

பட்டறை திருமங்கலம்:
சாய்த்தபோது ஏர் ஃபில்டர் மேலே இருந்ததா, கீழேயா? கீழே என்றால் ஆயில் இறங்கி நனைந்திருக்கும். கழற்றிப் பாருங்கள்.

மூத்த ஃபிட்டர்:
கீழேதான் இருந்திருக்கும்.

ஒத்தக்கடை:
தம்பி, இருக்கிறீர்களா? ஞாயிறும் போய்விட்டதே.