மறு: எச்ஐவி அடங்கின பிறகும் நீடிக்கிற எதிர்ப்புக் கிளர்வு

> "நாட்பட்ட நோயெதிர்ப்புத் தூண்டல்"னே வச்சுடலாமே, தெரிஞ்ச சொல்லாச்சே?

எச்ஐவி மருந்துல அடங்கின பிறகும் நோயெதிர்ப்பு செல்கள் ஓயாம விழிப்பா இருக்கிறதுக்கு (இங்கிலீஷ்ல க்ரானிக் இம்யூன் ஆக்டிவேஷன்) தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கறதுதானே பேச்சு. நீங்க சொல்றது தெரிஞ்ச சொல்தாங்க, ஆனா தூண்டல்னா அது காரணம். நமக்குப் பேர் வேண்டியது அதனால எதிர்ப்பு செல்கள் போய் நிக்கிற நிலைக்கு. ஏஆர்டிங்கற எச்ஐவியை அடக்கற மாத்திரை ஒழுங்கா எடுத்து, டெஸ்ட்ல வைரஸே தென்படாத அளவுக்கு வந்தவங்ககிட்டயும் சிடி8 செல்கள்ல (வைரஸ் தொத்தின செல்லைக் கொல்ற டி செல்கள்) சிடி38, எச்எல்ஏ-டிஆர்ங்கற கிளர்வைக் காட்டற புரதங்கள் ரெண்டும் கூடுதலா தெரியுது, ரத்தத்துல அழற்சியைக் காட்டற ஐஎல்-6 கொஞ்சம் ஏறியே இருக்கு. இதைக் கிளர்வுன்னு சொல்லலாம்ங்கறது என் கட்சி. (கிளர்ச்சி வேணாம், கொடி பிடிக்கிற ஞாபகம் வருது.)

பிடிவாதம் எதுக்குன்னா, தூண்டல் ஒண்ணு இல்ல, பல. பெரிய ஆள் குடல்தான். தொத்தின முதல் சில வாரத்துலயே வைரஸ் குடல் சுவர்ல இருக்கிற சிடி4 செல்களைக் (மத்த எதிர்ப்பு செல்களுக்கு உதவற டி செல்கள்) காலி பண்ணிடுது, அதுல குடல் சுவரைக் காக்கிற டிஎச்17 வகை போனா சுவரே தளர்ந்துடும், மருந்து ஆரம்பிச்சாலும் பல பேருக்கு அது முழுசா சரியாகறதில்ல, அப்புறம் பாக்டீரியா உறையோட துணுக்கு எல்பிஎஸ் ரத்தத்துக்குள்ள வந்துட்டே இருக்கும், மோனோசைட்டுங்கற வெள்ளை அணுக்களும் அதைப் பாத்து சும்மா இருக்காது. 2006ல பிரெஞ்ச்லிங்கற ஆராய்ச்சியாளர் குழுவோட கட்டுரைக்கப்புறம்தான் இது பெரிசா பேசப்பட்டுச்சு. இதுக்கு (இங்கிலீஷ்ல மைக்ரோபியல் ட்ரான்ஸ்லொகேஷன்) "நுண்ணுயிர் இடப்பெயர்வு"ன்னு எழுதறது எனக்கு ஒட்டல, உள்ள வர்றது பெரும்பாலும் உசுரில்லாத துணுக்குதானே. "நுண்ணுயிர்க் கசிவு" போதும்.

அடுத்த தூண்டல் சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸ்). ஒளிஞ்சு கிடக்கிற அந்த வைரஸை வால்கேன்சைக்ளோவிர்ங்கற மருந்து குடுத்து அடக்கினப்ப சிடி8 கிளர்வு குறைஞ்சுது, அதனால அதுக்கும் பங்கு உண்டு. பிறகு, செல்லுக்குள்ள பதுங்கின எச்ஐவி, அதுல பழுதான பிரதிகள்கூட அப்பப்ப ஆர்என்ஏ, புரதம்னு ஏதாவது தள்ளிட்டிருக்கும். நிணநீர்க் கணுவுல விழற தழும்பும் சேர்த்தி.

> அப்ப "அழற்சி" போதாதா?

போதாது. அழற்சி இதோட கூடவே வர்றது, ஆனா டி செல் கிளர்வு தனியா அளக்கிற விஷயம். சூட்டி மாங்கபேங்கற ஆப்பிரிக்கக் குரங்கைப் பாருங்க, எஸ்ஐவி (எச்ஐவியோட குரங்கு வகை) ரத்தத்துல கொட்டிக் கிடக்கும், ஆனா ஆரம்பத்துல கொஞ்சம் கிளர்ந்து சீக்கிரமே அடங்கிடும், பொதுவா எய்ட்ஸும் வராது. அங்க இல்லாதது எதுன்னு சொல்ல நமக்கு ஒரு தனிச்சொல் வேணும்ல?

"நாட்பட்ட எதிர்ப்புக் கிளர்வு", "நுண்ணுயிர்க் கசிவு", ரெண்டுக்கும் மறுப்பு இருந்தா சொல்லுங்க. "நாட்பட்ட"வுக்குப் பதிலா "நீடித்த" போடலாமான்னும் யோசிச்சுப் பாருங்க.